நியாயந்தீர்க்க வருகிறவரை வயல் ஏன் பாடி வரவேற்கிறது? மட்டக்களப்பிலிருந்து 96ஆம் சங்கீதத்தை வாசித்தல்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கத்தோலிக்க ஆலயங்களில் டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிறவர்கள் 96ஆம் சங்கீதத்தைப் பதிலுரைப் பாடலாகக் கேட்பார்கள். வானம் மகிழட்டும், பூமி பூரிக்கட்டும், கடல் முழங்கட்டும், ஏனென்றால் கடவுள் உலகை நியாயந்தீர்க்க வருகிறார் என்று அது பாடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றரை நாள்கூட ஆகாது. 26ஆம் திகதி காலையில் கல்லடி, நவலடி தொடங்கி மருதமுனை, திருக்கோவில் வரைக்கும் சுனாமியில் போனவர்களுக்காக ஜனங்கள் கூடுவார்கள். ஓரிடத்தில் மெழுகுதிரி, ஓரிடத்தில் குத்துவிளக்கு, ஓரிடத்தில் துஆ.

இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் 'நியாயத்தீர்ப்பு' என்ற சொல் சங்கடமாக நிற்கிறது. அந்த அலையே கடவுளின் நியாயத்தீர்ப்பு என்று அன்றைக்குச் சொன்னவர்களும் உண்டு. அதைக் கேட்டு வாயடைத்துப் போன தாய்மாரும் உண்டு. அப்படியென்றால், நத்தார் இரவில் அதே நியாயத்தீர்ப்பை எப்படி மகிழ்ச்சிப் பாட்டாகப் பாடுவது? பயப்பட வேண்டிய ஒன்றுக்குக் கடலும் வயலும் மரமும் ஏன் ஆர்ப்பரிக்க வேண்டும்?

சங்கீதம் இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பாட்டின் பின்னணியிலிருந்தே தொடங்க வேண்டும்.

பாட்டு எது, எப்போது பாடப்பட்டது

96ஆம் சங்கீதம் 13 வசனங்கள் கொண்ட சிறிய பாட்டு. 47, 93, 95 முதல் 99 வரையுள்ள சங்கீதங்களோடு சேர்த்து இதை 'கடவுளே அரசர்' என்று அறிவிக்கும் பாடல்களின் வரிசையில் வைப்பார்கள். எபிரெய மூலத்தில் இதற்குத் தலைப்பு எதுவும் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ஒரு தலைப்பு உண்டு. சிறையிருப்புக்குப் பிறகு ஆலயம் கட்டப்பட்டபோது பாடியது என்று அது சொல்கிறது. கூடவே தாவீதின் பாட்டு என்றும் சொல்கிறது. முதலாம் நாளாகமம் 16ஆம் அதிகாரத்தில், தாவீது உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளில் பாடப்பட்டதாக ஏறக்குறைய இதே பாட்டு வருகிறது.

பாபிலோன் எருசலேமை அழித்தது கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜனங்கள் நாடு கடத்தப்பட்டார்கள். இதைத்தான் சிறையிருப்பு என்பார்கள். கி.மு. 538 அளவில் பாரசீக அரசன் கோரேசு அவர்களைத் திரும்பிப்போக விட்டான். இரண்டாவது ஆலயம் கி.மு. 515 அளவில் கட்டி முடிந்தது. 96ஆம் சங்கீதத்தின் மொழி ஏசாயா 40 முதல் 55 வரையுள்ள அதிகாரங்களின் மொழிக்கு மிக நெருக்கமானது. 'புதுப்பாட்டு' என்ற சொல்கூட ஏசாயா 42இல் வருகிறது. அதனால் இந்தப் பாட்டு சிறையிருப்புக்குப் பிந்தியது என்று கருதும் அறிஞர்கள் பலர். இன்னும் பழையது என்பவர்களும் இருக்கிறார்கள். எது சரியென்றாலும் ஒரு விஷயம் முக்கியம். அந்தக் கிரேக்கத் தலைப்பை எழுதியவருக்கு இது வீடு இடிந்து, ஊர் விட்டு ஓடி, பிறகு திரும்பி வந்து சுவர் எழுப்பியவர்களின் பாட்டு. இலங்கையின் கிழக்கில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்து, பிறகு தன் வளவுக்குத் திரும்பி வந்த எவருக்கும் அந்த நிலை என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

முதலில் சொற்கள்

கிழக்கின் புரட்டஸ்தாந்து சபைகளில் இன்றும் கையில் இருப்பது 19ஆம் நூற்றாண்டில் உருவான பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் பெரும்பாலும் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை வாசிக்கிறார்கள். பழையதில் சில சொற்களின் பொருள் இடையில் மாறிவிட்டது. குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

1. ஜாதிகள். இந்தச் சங்கீதத்தில் இந்தச் சொல் வரும் இடமெல்லாம் 'பிற நாட்டு மக்கள்' என்றே பொருள். நாம் இன்று சொல்லும் சாதிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

2. பூச்சக்கரம். இங்கே 'பூ' என்றால் பூமி. மனிதர் குடியிருக்கும் உலகம் முழுவதும் என்று அர்த்தம்.

3. நிதானமாய். 10ஆம் வசனம், அவர் ஜனங்களை 'நிதானமாய்' நியாயந்தீர்ப்பார் என்கிறது. இன்றைக்கு நிதானம் என்றால் அவசரப்படாமல், ஆறுதலாக என்றுதான் காதில் விழும். தவணைக்கு மேல் தவணை போட்டு வழக்கு இழுபடும் ஊரில் அந்தப் பொருள் யாருக்கும் ஆறுதல் தராது. ஆனால் பழைய தமிழில் நிதானிப்பது என்றால் அளந்து, மதித்துப் பார்ப்பது. எபிரெயத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல்லுக்கு 'நேரான, சமமான' என்று பொருள். ஒரு பக்கம் சாயாத தீர்ப்பு என்பதே அங்கே சொல்லப்படுவது.

4. நியாயந்தீர்த்தல். இதுதான் பெரிய சொல். எபிரெயத்தில் இதற்கு 'ஷாபத்' என்று ஒரு வினை உண்டு. குற்றவாளிக்குத் தண்டனை சொல்வது அதன் ஒரு பகுதி மட்டும். கலைந்ததைச் சீராக்குவது, பறிக்கப்பட்டதை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது, ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். நியாயாதிபதிகளின் புத்தகத்தை வாசித்தால் இது தெளிவாகும். அதில் வரும் நியாயாதிபதிகள் பெரும்பாலும் ஜனங்களை எதிரிகளிடமிருந்து மீட்டவர்கள். தெபொராள் ஒரு பேரீச்சமரத்தின் கீழ் இருந்தாள், ஜனங்கள் வழக்குகளோடு அவளிடம் ஏறிப் போனார்கள் என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. ஆட்கள் அவளைத் தேடிப் போனார்கள். அவளைக் கண்டு ஓடவில்லை.

தமிழிலும் இதற்கு இடம் இருக்கிறது. 'தீர்' என்ற வேரைப் பாருங்கள். தாகம் தீர்ந்தது, நோய் தீர்ந்தது, கடன் தீர்ந்தது, மனக்குறை தீர்ந்தது என்கிறோம். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பாரம் இறங்குகிறது. நியாயந்தீர்த்தல் என்ற சொல்லை உருவாக்கியவர்கள் இந்தத் 'தீர்'இலிருந்துதான் அதை எடுத்தார்கள். பிறகு பிரசங்க மேடையில் அது எப்படியோ நெருப்புக்கும் கந்தகத்துக்கும் மட்டும் சொந்தமாகிவிட்டது. அது ஒரு இழப்பு என்றே நான் நினைக்கிறேன்.

வாய்க்காலின் கடைசி வயல்

12ஆம் வசனத்தில் பழைய மொழிபெயர்ப்பு 'நாடு' என்று சொல்லும் இடத்தில் எபிரெயச் சொல்லுக்கு வயல்வெளி என்று பொருள். வயலும் அதில் உள்ள எல்லாமும் களிகூரட்டும் என்கிறது பாட்டு. நியாயம் தீர்க்க ஒருவர் வரும்போது வயல் ஏன் சந்தோஷப்பட வேண்டும்? மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிகளுக்கு இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

குளத்து நீரை நம்பி சிறுபோகம் செய்யும் ஒரு வட்டையை, அதாவது ஒரு வயல்வெளியை எடுத்துக்கொள்வோம். உன்னிச்சைக் குளத்தின் கீழ் என்று வைத்துக்கொள்ளலாம். குளத்திலிருந்து பெரிய வாய்க்கால் வருகிறது, அதிலிருந்து சின்ன வாய்க்கால்கள் பிரிகின்றன. வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் வயலுக்கு நீர் தானாகவே பாயும். கடைசியில் இருக்கும் வயலுக்கு, மேலே உள்ள எல்லோரும் தங்கள் முறை முடிந்ததும் வரம்பை மூடினால்தான் நீர் வரும். யாரோ ஒருவர் இரவில் மண்வெட்டியோடு போய் ஒரு கை அகலத்துக்கு வரம்பை வெட்டி விட்டால் போதும், கடைசி வயல் வெடித்துவிடும். பயிர் குடலை கட்டும் நேரத்தில் நான்கைந்து நாள் நீர் இல்லையென்றால் நெல் பதராகிவிடும்.

இங்கேதான் வட்டை விதானை வருகிறார். விவசாயிகள் தாங்களே கூடித் தெரிந்தெடுத்த ஆள் அவர். போகம் முடிய அவருக்கு நெல்லாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எந்த வயலுக்கு எப்போது நீர், எவ்வளவு நேரம் என்பதை அவர் முறைப்படுத்துவார். களவாக வெட்டிய இடத்தை மூடுவார். வெட்டினவரைக் கூப்பிட்டுக் கேட்பார்.

இப்போது கடைசி வயலின் வரப்பில் நிற்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை. வெடிப்புக்குள் விரல் நுழைகிறது. தாளின் நுனி சுருண்டு கிடக்கிறது. தூரத்தில் வரம்பு வழியே ஒருவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருகிறார். மேல் வயலில் நிற்கும் பொடியன் கையைக் காட்டிக் கத்துகிறான்: "விதானையார் வாறார்! அப்பா, விதானையார் வாறார்!" இரண்டு தரம் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது.

13ஆம் வசனமும் அதை இரண்டு தரம் சொல்கிறது. அவர் வருகிறார், அவர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்று. எபிரெயத்தில் அந்த இரட்டிப்பு இன்னும் பளிச்சென்று கேட்கும். கடைசி வயலுக்கு நியாயந்தீர்ப்பவரின் வருகை என்றால் நீரின் வருகை. அந்த வயலுக்கு வாய் இருந்தால் அது பாடாமல் என்ன செய்யும்?

அதே காலையில் வரம்பை வெட்டியவருக்கு அந்தக் கத்தல் எப்படிக் கேட்கும் என்பதும் உண்மை. வருகிறவர் ஒருவரே, வருகிற காரியமும் ஒன்றே. கேட்கிறவர் வாய்க்காலில் எங்கே நிற்கிறார் என்பதில்தான் வித்தியாசம். சங்கீதம் 9ஆம் வசனத்தில் பூமியார் யாவரும் அவர் முன் நடுங்கட்டும் என்றும், இரண்டு வசனம் தள்ளி எல்லாம் பூரிக்கட்டும் என்றும் சொல்வது முரண்பாடாகத் தெரிந்தால், இந்த வரப்பை நினைத்துக்கொள்ளலாம்.

படைத்தவர் என்பது ஏன் முதலில் வருகிறது

வட்டை விதானைக்கு அதிகாரம் வந்தது விவசாயிகள் அவரைத் தெரிந்தெடுத்ததால். நீதிபதிக்கு அதிகாரம் வருவது சட்டத்தால். உலகம் முழுவதையும் நியாயந்தீர்க்க ஒருவருக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது? சங்கீதத்தின் பதில் 5ஆம் வசனத்தில் இருக்கிறது: அவர் வானங்களை உண்டாக்கினவர். படைப்பைப் புகழ்வதும் தீர்ப்பைப் புகழ்வதும் தற்செயலாக ஒரே பாட்டில் சேர்ந்துவிடவில்லை. ஒன்றிலிருந்து மற்றது பிறக்கிறது:

1. செய்தவருக்குத்தான் அந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரியும். ஆகவே அது கெட்டுப்போனது என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.

2. எல்லாவற்றையும் செய்தவர் எந்த ஒரு பகுதிக்கும் ஆள் இல்லை. மேல் வயலும் கீழ் வயலும் அவருடையவை. இலஞ்சம் கொடுக்க நம்மிடம் அவருடையது அல்லாத எதுவும் கிடையாது.

3. தான் செய்ததை ஒருவர் சீராக்க வரும்போது அதை அழிக்க வருகிறார் என்று எடுக்க முடியாது. தோணி கட்டியவர் ஓட்டை அடைக்கத்தான் வருவார். ஓட்டையைத் துளைத்தவருக்கு அது சங்கடம்; தோணிக்கு நன்மை.

இந்த இணைப்பு வேதாகமத்தில் வேறு இடங்களிலும் வருகிறது. அப்போஸ்தலர் 17இல் பவுல் அத்தேனேயில் பேசும்போது, உலகத்தையும் அதிலுள்ள யாவற்றையும் உண்டாக்கின கடவுள் என்று தொடங்கி, அவர் உலகத்தை நீதியாய் நியாயந்தீர்க்க ஒரு நாளைக் குறித்திருக்கிறார் என்று முடிக்கிறார். வெளிப்படுத்தல் 14இல் ஒரு தூதன், நியாயத்தீர்ப்பின் வேளை வந்தது, ஆகவே வானத்தையும் பூமியையும் சமுத்திரத்தையும் நீரூற்றுகளையும் உண்டாக்கினவரைத் தொழுதுகொள்ளுங்கள் என்கிறான். அந்தச் செய்திக்கு அங்கே கொடுக்கப்படும் பெயர் 'நித்திய சுவிசேஷம்'. சுவிசேஷம் என்றால் நற்செய்தி. காத்தான்குடியில் இருக்கும் நம் அயலவர்களும் ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் அல்-பாத்திஹாவில் இறைவனை அகிலங்களின் இரட்சகன் என்றும் தீர்ப்பு நாளின் அதிபதி என்றும் ஓரிரு வரிக்குள் புகழ்கிறார்கள். இந்த இரண்டு புகழ்ச்சிகளும் சேர்ந்தே வருவதை அறிய நாம் தூரம் போகத் தேவையில்லை.

5ஆம் வசனத்தின் முதற்பாதியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. பிற ஜனங்களின் தேவர்கள் வெறுமை என்று அது சொல்கிறது. எபிரெயத்தில் தேவர்கள் என்பதற்கு 'எலோகிம்', வெறுமையானவை என்பதற்கு 'எலிலிம்'. ஓசையை வைத்துச் செய்த சொல்விளையாட்டு அது. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே வீதியில் இருக்கும் ஊரில் இந்த வரியை அயலவர் மேல் எறியும் கல்லாகப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டு பாடப்பட்ட உலகத்தில் ஒவ்வொரு பேரரசும் தன் தேவனின் பெயரால் சின்ன நாடுகளை விழுங்கியது. பாபிலோனின் படைப்புக் கதையில் மர்துக் என்ற தேவன் கடலாகிய தியாமத்தைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானத்தைச் செய்கிறான். அந்த வெற்றியால் அவனுடைய அரசாட்சி உறுதியாகிறது. வானத்தை உண்டாக்கினவர் உங்கள் மர்துக் அல்ல என்று ஆயுதம் இல்லாத ஒரு சின்ன ஜனக்கூட்டம் சொல்வதாக இந்த வரியைக் கேட்க வேண்டும். பலமில்லாதவரின் வாயிலிருந்து வந்த வரி அது. அடுத்த சில வசனங்களிலேயே எல்லா ஜனங்களின் குடும்பங்களும் காணிக்கையோடு உள்ளே அழைக்கப்படுகின்றன. வாசலை மூடுகிற பாட்டு அல்ல இது.

கடல் முழங்கட்டும்: இங்கே இதை எப்படிப் பாடுவது

பாபிலோனில் கடல் கொல்லப்பட வேண்டிய எதிரி. சிரியக் கரையில் உகரித் என்ற பழைய நகரத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுத்த பலகைகளிலும் பாகால் தேவன் 'யம்' என்ற கடல் தேவனோடு சண்டை போடுகிறான். 96ஆம் சங்கீதத்தில் அந்தச் சண்டையே இல்லை. கடலுக்குப் பாடகர் குழுவில் ஓர் இடம் கொடுக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் அது துணிச்சலான வரி.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு பகுதியை நம்புவது கடினம் இல்லை. முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால், தந்தியை லேசாகச் சுண்டினது போல ஒரு ஓசை எழுந்து அடங்கும். மீன் என்பார்கள், ஊரி என்பார்கள். 'பாடுமீன் நாடு' என்ற பெயரே அதனால் வந்தது. சமுத்திரமும் அதின் நிறைவும் என்று சங்கீதம் சொல்லும்போது, நிறைவு என்றால் அதற்குள் வாழ்கிற எல்லாம்.

ஆனால் 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை இதே கரை கடலின் வேறொரு முழக்கத்தைக் கேட்டது. இலங்கையில் அதிகம் உயிர் போனது அம்பாறைக் கரையில். அந்த மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல். 'கடல் முழங்கட்டும்' என்ற வரியைப் பாட முடியாமல் வாயை மூடி நிற்கிறவர்கள் இன்றும் ஆலயங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பாடு என்று யாரும் நெருக்கக் கூடாது. சங்கீதப் புத்தகத்தில் பாட முடியாதவர்களுக்கும் பாட்டுகள் இருக்கின்றன; 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது.

ஆனால் அந்த அலை நியாயத்தீர்ப்பு என்ற பேச்சுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, அது எதனால் வந்தது என்பது தெரிந்த விஷயம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடத்தில், நெடுங்காலம் சேர்ந்த அழுத்தம் ஒரே நேரத்தில் விடுபட்டது. 9.1 அளவுடைய நிலநடுக்கம். கடலடி உயர்ந்து நீரைத் தள்ளியது.

இரண்டாவது, சங்கீதம் சொல்லும் தீர்ப்பின் அடையாளம் அதில் இல்லை. நீதியோடும் உண்மையோடும், ஒரு பக்கம் சாயாமல் என்று 10ஆம், 13ஆம் வசனங்கள் சொல்கின்றன. அலை அப்படிப் பார்த்து வரவில்லை. தொட்டில் பிள்ளையையும் கடற்கரைக் குடிசையையும் எடுத்தது. தேவாலயத்துக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் புகுந்தது. கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைச் சாய்த்தது. மேட்டில் இருந்தவர் தப்பினார், கரையில் இருந்தவர் போனார். இதில் எங்கே நியாயம் தீர்ந்தது?

மூன்றாவது, இயேசுவிடமே இந்தக் கேள்வி போனது. சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று அவர் சொன்னதாக லூக்கா 13 எழுதுகிறது. இதற்கு மேலும் சுனாமியில் போனவர்களின் பாவத்தை எண்ணிப் பார்க்கிறவர், தன் ஆண்டவர் 'இல்லை' என்று சொன்ன இடத்தில் 'ஆம்' என்று சொல்கிறார்.

பூமி அசையாது என்றால்?

10ஆம் வசனத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பூமி அசையாதபடி உறுதியாக இருக்கும் என்கிறது. நிலநடுக்கத்தைப் பார்த்த தலைமுறைக்கு இது பொய் போலக் கேட்கும்.

இதற்கு விடை 82ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அங்கே கடவுள் உலகத்து நியாயாதிபதிகளைக் கண்டிக்கிறார். ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் செய்யுங்கள் என்று சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. அதனால் பூமியின் அஸ்திபாரங்கள் அசைகின்றன என்கிறது 5ஆம் வசனம். இரண்டு சங்கீதங்களிலும் 'அசை' என்பதற்கு நிற்பது ஒரே எபிரெய வினை. அநியாயத் தீர்ப்பால் அசைந்த அதே பூமிதான் 96இல் நேரான தீர்ப்பால் உறுதிப்படுகிறது. அங்கே பேசப்படுவது மனிதர் ஒருவரை ஒருவர் நம்பி வாழ்வதற்கு அடியில் இருக்கும் தரை. முறைப்பாடு கொடுத்தால் கேட்பார்கள், என் உறுதிக்காணியை வேறொருவர் பெயரில் எழுத மாட்டார்கள், காலையில் வேலைக்குப் போன மகன் மாலையில் வீட்டுக்கு வருவான். இவை இல்லாத இடத்தில் ஒரு நடுக்கமும் இல்லாமலே பூமி அசைகிறது. கிழக்கில் 1990இன் போரையும் படுகொலைகளையும் கடந்து வந்த எந்தக் குடும்பத்துக்கும் இதற்கு உரை தேவையில்லை.

நியாயம் கேட்கிறவர்களின் பாட்டு

நீதிமன்றத்துக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. எதிராளிக்கு நீதிபதியின் வருகை பயம். வழக்காளிக்கு அது காத்திருந்த நேரம். நியாயத்தீர்ப்பு என்றதும் நாம் எல்லோரும் நம்மை எதிராளிக் கூண்டில் மட்டும் வைத்துப் பார்க்கப் பழகிவிட்டோம். வேதாகமத்தில் பல இடங்களில் ஜெபிக்கிறவர் வழக்காளியாக நிற்கிறார். லூக்கா 18இல் ஒரு விதவை நியாயாதிபதியின் வாசலுக்கு விடாமல் போகிறாள். அவள் கேட்பது மன்னிப்பு அல்ல. தன் எதிராளியிடமிருந்து தனக்கு நியாயம் செய்ய வேண்டும் என்பதே.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரம். பிள்ளைகள் உட்பட 30 பேரளவில் உயிர் போனது. அந்த நாளின் தாக்குதல்கள் பற்றி முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதால் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும், உயர் அதிகாரிகள் சிலரும் செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அது பெரிய விஷயம். ஆனாலும் ஆண்டுதோறும் நினைவு நாளில் குடும்பங்கள் நீதி வேண்டும் என்றே சொல்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் மகனின் பழைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீதியில் நிற்கிறார்கள். படத்தில் மகனுக்கு இருபது வயது; தாய்க்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. நியாயந்தீர்க்க ஒருவர் வருகிறார் என்று அந்தத் தாயிடம் சொல்லிப் பாருங்கள். அவர் பயப்பட மாட்டார். எப்போது என்றுதான் கேட்பார்.

இன்னொரு வழக்காளியும் உண்டு. ஆதியாகமம் 4இல் ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது. நிலம் சாட்சி சொல்லும் என்பது வேதாகமத்தில் பழைய எண்ணம். மண் அகழ்ந்து கரை சரிந்த ஆறு, வெட்டிச் சாய்த்த கண்டல், யானைக்கும் மனிதருக்கும் இடமில்லாமல் சுருங்கிய காடு எல்லாம் வாய் பேசாத வழக்காளிகள். பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கும் காலம் வந்தது என்று வெளிப்படுத்தல் 11 சொல்கிறது. காட்டு மரங்களெல்லாம் ஆர்ப்பரிக்கும் என்று 96ஆம் சங்கீதம் சொல்வதை வெறும் அலங்காரம் என்று நான் இப்போது வாசிப்பதில்லை. தங்கள் வழக்கு அழைக்கப்படுகிறது என்று கேட்ட மரங்கள் அவை.

நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்ற கேள்வியை இது விட்டுவிடவில்லை. ஒரு வாய்க்காலில் கடைசி வயல்காரர் இன்னொரு வாய்க்காலில் மேல் வயல்காரராக இருக்கலாம். என் பிள்ளைக்கு நியாயம் கேட்கும் நானே என் வீட்டு வேலைக்கு வந்தவரின் கூலியைப் பிடித்து வைத்திருக்கலாம். அதனால்தான் பாட்டு நம்மை வெறுமனே கைதட்டச் சொல்லாமல், 8ஆம், 9ஆம் வசனங்களில் காணிக்கையோடு வந்து பணிந்துகொள்ளச் சொல்கிறது. வரம்பை வெட்டியவருக்கும் விதானையார் வந்து சேருவதற்குள் மண்வெட்டியை எடுத்துப்போய்த் தானே மூடிவிட ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது.

கடைசிச் சொல்

யூதர்கள் 16ஆம் நூற்றாண்டில் சாபேத் என்ற கலிலேய ஊரில் தொடங்கிய வழக்கப்படி, வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாளை வரவேற்கும்போது 95 முதல் 99 வரையுள்ள சங்கீதங்களைப் பாடுகிறார்கள். கத்தோலிக்கர் நத்தார் நள்ளிரவில் பாடுகிறார்கள். இரண்டு சமயங்களும் இதை ஒரு வருகையின் வாசலில்தான் வைத்திருக்கின்றன. அதற்குக் காரணம் 13ஆம் வசனத்தின் வினை. எபிரெயத்தில் அந்த இடத்தில் நிற்பது 'பா' என்ற ஒரே அசை. அதை 'வந்துவிட்டார்' என்றும் வாசிக்கலாம், 'வந்துகொண்டிருக்கிறார்' என்றும் வாசிக்கலாம். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே ஓசை. நத்தார் இரவில் ஆலயத்துக்குள் இருப்பவர் முதல் பொருளில் கேட்கலாம். மகனின் படத்தோடு வீதியில் நிற்பவருக்கு இரண்டாவது பொருள் தேவைப்படும்.

தீர்ப்பு என்ன, யாருக்கு என்ன கிடைத்தது என்று சங்கீதம் சொல்லவே இல்லை. வருகிறவர் இன்னும் ஆசனத்தில் அமரவில்லை. கடலும் வயலும் மரமும் எழுந்து நிற்கின்றன. பாட்டு அங்கே நிற்கிறது.